முன்கண்ணாடி மாட்டிய நாள்

"இழு, இழு... நிறுத்தும்மா!" என்று கத்தினார் சக்கரபாணி.

காருக்குள் குனிந்து உட்கார்ந்திருந்த அமலா, கையிலிருந்த நைலான் கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டாள். கண்ணாடியைச் சுற்றி மாட்டிய ரப்பரின் பள்ளத்துக்குள் அந்தக் கயிறு ஓடியது. வெளியிலிருந்து அவர் கண்ணாடியை அழுத்த, உள்ளிருந்து இவள் கயிற்றை உருவிக்கொண்டே வந்தால் ரப்பர் தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். மூன்று பக்கம் உட்கார்ந்துவிட்டது. வலது மேல் மூலை மட்டும் ஏறவில்லை.

"கழட்டிட்டு இன்னொரு தபா போடு சக்கரபாணி. அடிச்சி கிடிச்சி ஏத்தாத," என்றார் தேவசகாயம். புங்க மர நிழலில், முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்திருந்தார்கள்.

"அடிப்பனாண்ணே? இது ஒடஞ்சா வேற கண்ணாடிக்கு நான் எங்க போவேன்?"

உண்மைதான். எட்டு மாதம் முன்பு பெருமுக்கல் பக்கம் ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து முன்கண்ணாடியில் விழுந்தது. முப்பது வருடத்துக்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார். கண்ணாடிக் கடைக்காரர்கள் வண்டியின் பெயரைக் கேட்டதுமே சிரித்தார்கள். விழுப்புரத்தில் கடை வைத்திருந்த சக்கரபாணி மட்டும் சிரிக்கவில்லை. யார் யாருக்கோ போன் செய்து, இதே வண்டியைப் பிரித்து விற்கும் ஒருவரைக் கோயம்புத்தூரில் கண்டுபிடித்தார். போர்வையில் சுற்றிய கண்ணாடி நேற்றுதான் வந்து சேர்ந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு, இதயம் இனி தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி தேவசகாயத்தை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் மகள் அமலா லீவு போட்டுத் திண்டிவனம் வந்திருந்தாள்.

"ரப்பர் வெறச்சிப் போயிருக்குது. சுடுதண்ணில போட்டா எளகும்," என்றார் தேவசகாயம். மூச்சு வாங்கியது. "மேரி!"

லூர்துமேரி ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தாள். கையில் ஆவி பறக்கும் குண்டான்.

அமலா அம்மாவையே பார்த்தாள். ஆறு வருடமாக அம்மா அந்த வண்டியைத் தொட்டதில்லை. முப்பத்தோரு வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா, யாரையும் கேட்காமல் புதுச்சேரியிலிருந்து அந்தச் சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். "மூணு பேரு இருக்கிற வீட்டுக்கு ரெண்டு சீட்டு வண்டியா? அதுல நான் ஏறமாட்டேன்," என்றாள் லூர்துமேரி. ஏறவும் இல்லை.

இளகிய ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஆரம்பித்தார்கள். அமலாவின் விரலில் கயிறு அறுத்தது. கடைசி மூலையில் சக்கரபாணி இரண்டு உள்ளங்கையையும் வைத்து மெல்ல அழுத்தினார். 'தப்'பென்று ஒரு சத்தம். எல்லோருமே கண்ணாடியில் விரிசல் தேடினார்கள். இல்லை. ரப்பர்தான் உட்கார்ந்திருந்தது.

சக்கரபாணி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி மேலே ஊற்றினார். உள்ளே ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

"அப்பா, ஒரு ரவுண்டு போலாமா? மெதுவா ஓட்றேன்," என்றாள் அமலா. அவர் தாங்குவாரா என்ற பயமும் இருந்தது.

"நான் வரல. அம்மாவ கூட்டிக்கினு போ."

"நானா? ஒங்க வண்டி. நீங்க போய்ட்டு வாங்க," என்றாள் லூர்துமேரி.

"முப்பத்தோரு வருஷம் வண்டிக்குள்ளயே குந்திக்கினு ரோட்டப் பாத்துட்டேன் மேரி. என் வண்டி ரோட்டுல போறத நான் ஒருநாளும் பாத்ததில்ல." அவர் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "இன்னைக்கிப் பாக்கணும்."

லூர்துமேரி முந்தானையால் கையைத் துடைத்தாள். பிறகு இடது பக்கக் கதவைத் திறந்து, உள்ளே காலை வைப்பதா, உடம்பை வைப்பதா என்று தெரியாமல் தடுமாறி, ஒருவழியாக உட்கார்ந்தாள்.

"அய்யய்யோ, தரையில குந்தின மாதிரி இருக்குதே!"

தேவசகாயம் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது.

சக்கரபாணி நாற்காலியை மரக்காணம் ரோட்டோரமாகத் தூக்கிப் போட்டு அவரை உட்காரவைத்தார். அமலா வண்டியைத் தெருவிலிருந்து ரோட்டுக்கு எடுத்தாள். அப்பாவைத் தாண்டும்போது அவர் கையை அரை அடி உயர்த்திக் காட்டினார், எதிரே வரும் பஸ்ஸின் டிரைவருக்குக் காட்டுவது போல. அமலா ஒரு ஹாரன் அடித்தாள்.

வேர்க்கடலை வயல்களில் மல்லாட்டை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். லூர்துமேரி முதலில் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மைல் போனதும் கையை எடுத்து மடியில் வைத்தாள்.

"எல்லாம் நம்மகிட்ட ஓடி வர்ற மாதிரி இருக்குதுடி."

"திரும்பிடலாமாம்மா?"

"இன்னும் கொஞ்சம் போயேன். அந்த மல நல்லா தெரியற வரைக்கும்."

பெருமுக்கல் மலை முழுதாகத் தெரிந்த இடத்தில் அமலா வண்டியைத் திருப்பினாள். அம்மா வழியெல்லாம் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். கோயில் பாட்டு.

வீடு நெருங்கியபோது சக்கரபாணி நாற்காலி பக்கத்தில் மண்டியிட்டு, அப்பாவின் தோளைத் தாங்கிப் பிடித்திருந்தார். அவர் அமலாவை நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

"இப்பதாம்மா. வண்டி வர்ற சத்தம் கேட்டுச்சி. 'கியர கரெக்டா மாத்தறா'ன்னாரு. அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல."

லூர்துமேரிக்கு உள்ளிருந்து கதவைத் திறக்கத் தெரியவில்லை. அமலா சுற்றிப் போய்த் திறந்துவிட்டாள். அம்மா நடந்து போய், சரிந்திருந்த தலையணையை எடுத்துத் தட்டி, அவர் கழுத்துக்குப் பின்னால் வைத்தாள். திறந்திருந்த சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

மறுநாள் சாயந்திரம் அடக்கம். வீட்டு வாசலில் ஜெபம் முடிந்து, பூவால் அலங்கரித்த வண்டியில் பெட்டியை ஏற்றினார்கள். பெண்களுக்கு ஒரு வேன் நின்றிருந்தது.

"அக்கா, ஏறு," என்றான் லூர்துமேரியின் தம்பி ஆரோக்கியராஜ்.

அவள் வேனைத் தாண்டிப் போய் சிவப்புக் காரில் ஏறிக்கொண்டாள். "அமலா, வா. அவங்க கெளம்பிட்டாங்க."

யாரோ முகம் சுளித்தார்கள். ஆரோக்கியராஜ் கூட்டத்தை விலக்கி வழிவிட்டான்.

பெட்டி வைத்த வண்டிக்குப் பின்னால் அமலா முதல் கியரிலேயே ஓட்டினாள். முன்னே பூ இறைத்துக்கொண்டே போனார்கள். ரோஜாவும் சாமந்தியும் காற்றில் பறந்து வந்து புதுக் கண்ணாடியில் ஒட்டின. வழி மறைந்தது. அமலாவின் கை வைப்பர் சுவிட்சுக்குப் போனது.

"இருக்கட்டும்டி," என்றாள் லூர்துமேரி.

அமலா கையை எடுத்தாள். இதழ்களின் இடைவெளியில் தெரிந்த அளவு ரோட்டைப் பார்த்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள்.