வெயில் முதுகுப் பக்கம்

கடைசிப் பெட்டியைத் திறந்ததுமே புளித்த வாடை குப்பென்று அடித்தது. பழைய படச்சுருள் கெட்டுப்போனால் அப்படித்தான். அவள் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு துண்டாக எடுத்து, மெல்லிய துணியால் துடைத்துக் கொழுந்தனிடம் நீட்டினாள். அவன் அதைக் கருவியில் செருகிக் கணினியில் ஏற்றினான். போன வருடம் கண்மூடிய அவள் கணவர் ஆயுள் முழுக்க ரயிலைத்தான் படம் பிடித்தார். அத்தனையும் இணையத்தில் ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறது.

“உங்க அண்ணன் என் முகத்தப் பாத்ததவிட எஞ்சின் முகத்தப் பாத்ததுதான் ஜாஸ்தி, தம்பி” என்று முதல் பெட்டியின்போது சொல்லிச் சிரித்தவள்தான். பெட்டிகள் குறையக் குறையச் சிரிப்பும் வற்றிவிட்டது.

அவள் தேடியது ரயிலை அல்ல. எட்டு வயதில் காய்ச்சலில் போன மகளை. வீட்டிலிருந்த ஒரே படமும் ஒரு மழையில் கூரை ஒழுகிக் கரைந்துபோனது. விடுமுறை நாளெல்லாம் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு தண்டவாளம் பார்க்கப் போன பிள்ளை, ஒரு படத்திலாவது அகப்பட்டிருக்க மாட்டாளா? அவளுக்குக் கண்ணில் புரை. துண்டை வெளிச்சத்தில் பிடித்தாலும் ஒன்றும் தெரியாது. கொழுந்தன் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சீர்செய்து கொண்டுவரும் படங்களைத்தான் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் கடவுளைக் கூப்பிட்டுக்கொள்வாள். ஒவ்வொரு முறையும் எஞ்சின்தான் வரும். ஆள் குறுக்கே வந்தால் அவர் படமே எடுக்க மாட்டார். நடைமேடை காலியாகட்டும் என்று நிற்பார்.

கடைசிப் பெட்டிதானே என்று அன்று அவன் அங்கேயே உட்கார்ந்து சீர்செய்யத் தொடங்கியிருந்தான். டீயை வைக்கப் போனவள் திரையைப் பார்த்து நின்றுவிட்டாள். அந்தி வெயிலில் ஓர் எஞ்சின். அதன் முன்னே சரளைக் கல்லில் நீண்டு கிடந்தன இரண்டு நிழல்கள். ஒன்று காமிராவோடு குனிந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று, இரட்டைச் சடையோடு, ஓட்டுநருக்குக் கையசைத்துக்கொண்டிருந்தது.

“இது என்ன, தம்பி?”

“நிழலு அண்ணி. அண்ணன் எப்பவும் வெயில முதுகுப் பக்கம் வெச்சுத்தான எடுப்பாரு. சாயங்காலம்னா கீழ நிழல் விழுந்துரும். அது குறைன்னு காப்பகத்துல எடுத்துக்க மாட்டாங்க. அதான் எல்லாத்துலயும் வெட்டிட்டு...”

“எல்லாத்துலயுமா?”

அப்போதுதான் அவள் விரல் தொட்ட இடத்தை அவன் பார்த்தான். அந்தச் சடைக்காரியைத் தோளில் தூக்கித் திரிந்த சித்தப்பா அவன். வாய் கோணியது. வெட்டாத படங்களைக் கணினியில் இடமில்லையென்று அழித்திருந்தான். ஏற்றி முடித்த சுருள்களோ, வீடெல்லாம் நாறுகிறதென்று அவளே கொட்டச் சொல்லி, குப்பை வண்டியோடு போய்விட்டன. பெட்டியில் மிச்சமிருந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. பிரித்தால் கிழிந்தன.

“நெறைய படத்துல ரெண்டு நிழல் இருந்துச்சு அண்ணி. நான் கவனிக்கலயே.”

அவளுக்குள் என்னவோ கழன்று விழுந்தது. ஆனால் இடுப்பு வலியோடு வாராவாரம் வந்து உட்கார்ந்தவன் அவன்.

“நல்லதுக்குத்தான செஞ்ச. டீ ஆறுது பாரு, குடி.”

அவன் குடிக்கவில்லை. அவளும் நகரவில்லை. வெட்டுவதற்காக அவன் இழுத்து வைத்திருந்த கோடு, உயர்ந்திருந்த அந்தச் சின்னக் கைக்குச் சற்று மேலே விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.