பன்னிரண்டாம் எண் வீட்டுப் பிள்ளைகள்

ஹெட்டி முட்டை சாண்ட்விச்சுகளை முக்கோணமாக வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பிள்ளைகள் தேவாலயக் கூடத்துக்குள் வந்தார்கள். ஒன்பது பேர். எல்லோரும் கறுப்பினப் பிள்ளைகள். எல்லோரும் அவள் மகன் ரூவான் படிக்கும் பள்ளியின் பச்சைச் சீருடையில். அப்பாவைப் புதைத்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சாண்ட்விச் போதுமா என்று முதலில் கவலைப்பட்டாள். யார் இவர்கள் என்று அப்புறம்தான் யோசித்தாள். துக்கத்திலும் அவள் மூளை அந்த வரிசையில்தான் வேலை செய்தது.

கூட வந்த பெண் நேரே அவளிடம் வந்தாள்.

"நான் டிகெலெடி. ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை, உங்க அப்பா அங்க வருவார். நடுவுல நிக்கிறது என் பொண்ணு. இந்தப் பிள்ளைங்க எல்லாரும் உங்க அப்பாவோட பன்னிரண்டாம் எண் வீட்டுலதான் குடியிருக்காங்க."

"அப்பா வீட்டுலயா? அங்க இருக்கிறதே ரெண்டு ரூம்!"

"காகிதத்துல மேடம். காகிதத்துல இடம் தாராளம்."

கத்தி நின்றது. பள்ளியைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்குத்தான் இடம். அதற்கு அத்தாட்சியாக மூன்று மாத மின் ரசீது வேண்டும். சேர்க்கைக் குழுவில் அந்த விதியைக் கொண்டுவந்தவளே ஹெட்டிதான். 'நிறம் பார்க்காத விதி' என்று பேசிக் கைதட்டும் வாங்கியிருந்தாள். தன் சொந்தக்காரர்கள் இருக்கும் தெருவின் விண்ணப்பங்களை மட்டும் தொடமாட்டாள், அவ்வளவு நேர்மை. அந்த நேர்மையால்தான் 'இந்தப் பிள்ளை என் வீட்டில் குடியிருக்கிறது' என்று அப்பா ஒன்பது முறை கையெழுத்துப் போட்டது அவள் கண்ணில் படவில்லை.

"உங்க வீட்டு ரசீதையே குடுத்திருக்கலாமே?"

"எந்த ரசீது? பள்ளிக்கூடத்துக்கு நாலு தெரு தள்ளித்தான் இருக்கோம், பின்கட்டு ரூம்ல. முன்கூட்டியே காசு கட்டி மீட்டர்ல நம்பர் அடிச்சாத்தான் விளக்கு எரியும். ரசீதே வராது. இந்தப் பிள்ளைங்க எல்லார் வீடும் அப்படித்தான். உங்க அப்பாகிட்ட சொன்னேன், இருமல் வர்ற அளவுக்குச் சிரிச்சார். 'என் பொண்ணு போட்ட விதி, குடு பேனாவை'ன்னார்." டிகெலெடி ஒரு சாண்ட்விச்சைக் கடித்தாள். "உப்பு கம்மி. திங்கட்கிழமை சேர்க்கைக் குழு மீட்டிங் வருவீங்களா, இல்ல துக்க லீவா?"

பதில் சொல்வதற்குள் குழுத் தலைவன் ரூலோஃப் அவளை ஓரமாக அழைத்துப்போனான். சவப்பெட்டிக்கு முன்பக்கத் தோள் கொடுத்தவன். கோட்டுப் பையிலிருந்து பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் எழுதிய ஒரு தாளை எடுத்தான்.

"இன்னைக்குப் பேசக் கூடாதுதான், ஹெட்டி. மூணு வாரமாவே எனக்குத் தெரியும். பெரியவர் படுத்திருக்கார்னு வாயைத் திறக்கல. வீடு இப்ப உன்னுது. 'இங்க பிள்ளைங்க யாரும் இல்ல'ன்னு ஒரு கையெழுத்துப் போடு. ஒன்பது இடம் காலியாயிரும்."

"டீ ஆறிடும், வரேன்" என்று சமையலறைக்கு ஓடினாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினாள். ஆறு வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அதே பள்ளி வாசலில் நின்றது ஞாபகம் வந்தது. தலைமையாசிரியர் பெயரைக் கேட்டார், கன்னத்தைத் தட்டினார். அவ்வளவுதான் சேர்க்கை. ரசீதா? வெள்ளை முகத்தைப் பார்த்தாலே போதும், அந்தக் காலம். அந்த முகத்தை அவள் இன்னும் மாற்றவில்லை.

ஈரக்கையோடு திரும்பினாள். "தப்பா எண்ணியிருக்க, ரூலோஃப். பத்து பேர்."

"ஒன்பதுதான். மூணு தடவை பார்த்தேன்."

"ரூவான்?"

ரூலோஃப் சிரித்துவிட்டான். "அவன் பேரன்!"

"நாங்க இருக்கிறது அணைக்கட்டு ரோட்டுல, பதினெட்டு கிலோமீட்டர். அவன் விண்ணப்பத்துல இருக்கிறதும் அப்பா வீட்டு ரசீதுதான்."

"அது வேற, ஹெட்டி."

"எப்படி வேற?"

ரூலோஃப் தாளை மடித்தான், மறுபடி விரித்தான்.

"உன் பையன் இடமும் போயிரும்" என்றான் கடைசியில், மெதுவாக. நிஜமான அக்கறையோடுதான்.

"ஒன்பது போனா பத்தும் போகட்டும். இல்லேன்னா பத்தும் இருக்கட்டும். அந்த ரசீது விதியையும் நானே எடுக்கச் சொல்றேன்." வீரமாகச் சொல்ல நினைத்தாள்; குரல் கீச்சென்று வந்தது. கூடத்தின் மறுகோடியில் ரூவான் எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பட்டியலில் பெயருக்கு ஒன்றாக, அடிக்கோல் வைத்து ஒன்பது கோடுகள்தான் போட்டிருந்தார்கள். ஹெட்டி ரூலோஃபின் பேனாவை வாங்கி, அடியில் இன்னொரு கோடு இழுத்தாள். அது கோணலாகப் போய்த் தாளின் ஓரத்தில் முட்டி நின்றது. அதன்மேல் மகன் பெயரை, புதிதாக எழுதப் பழகுகிறவள்போல, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.