வாரிசு நடை

சர்வாதிகாரியின் மகன் வேடம் லோகேஸ்வரனுக்குக் கிடைத்ததற்கு ஒரே காரணம் தொப்பை. அப்பன் ஆளும் நாட்டைத் தின்று கொழுத்த வாரிசைப் பற்றிய நையாண்டிப் படம் அது. இயக்குநர் மதிவாணன் மலேசியாவின் பண்டார் தெங்காரா ஊருக்குத் தொப்பை தேடி வந்தபோது, பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தில் வருடக்கணக்காகக் குலை வெட்டியும் கரையாத ஒன்று இவனிடம் இருந்தது. நடிகனாகிவிட்டதைக் கூலாய் டவுன் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். மாமனார் வீட்டில் இரண்டு தடவை சொன்னான்.

காட்சி என்னவோ எளிதுதான். தோட்டத்தில் விரித்த சிவப்புக் கம்பளத்தில் வாரிசு நடந்து வர வேண்டும்; கம்பளத்தில் உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போக வேண்டும். ஆனால் உதிர்ந்த பழத்தை விட்டுவிட்டு வந்து வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்கிப் பழகிய உடம்பு அது. தங்கப் பொத்தான் வைத்த ராணுவ உடையோடு குனிந்து, பழத்தைப் பொறுக்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஒன் மோர் போகலாம்," என்றார் மதிவாணன்.

மறுபடியும் பொறுக்கினான். கையைப் பின்னால் கட்டச் சொன்னார்கள். கட்டிக்கொண்டு, காலால் ஓரமாக ஒதுக்கி வைத்தான். சாப்பாட்டுக்குப் பிறகும் இதே கூத்து என்றால் மேக்கப் போடும் ரூபேந்திரனுக்கு உடையை மாட்டிவிடப் போவதாக மதிவாணன் சொல்லிவிட்டார். ரூபேந்திரனுக்குத் தொப்பை இல்லை, தலையணை இருந்தது.

லோகேஸ்வரன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மாமனார் சிரிப்பது கண்ணுக்குள் வந்து வந்து போனது. வேடிக்கை பார்க்க லீவு போட்டு வந்திருந்த மனைவி யோகேஸ்வரியிடம், உழைத்த உடம்புக்கு ராஜா வீட்டுப் பிள்ளை நடையெல்லாம் வராது என்று கொஞ்சம் பெருமையாகவே அலுத்துக்கொண்டான்.

அவள் கோழி எலும்பை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏங்க, குளிச்சிட்டு வந்து ஈரத் துண்ட நடு ஹால்ல போடுவீங்கள்ல? அப்புறம் நீங்களே அதத் தாண்டிப் போயி டிவி போடுவீங்க. அப்படியே நடங்க லா."

அவன் எழுந்து போய்த் தங்கப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டான்.

கேமரா ஓடியது. கம்பளத்தில் பழம் தெரியவில்லை, ஈரத் துண்டு தெரிந்தது. கால் தானாக உயர்ந்தது. கண் டிவியைத் தேடியது. ஒரே டேக். மதிவாணன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை தலைமுறையாக ஆண்ட குடும்பம் என்று கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். யோகேஸ்வரி தட்டவில்லை, அவளுக்கு இது பழைய படம்.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்தவன் துண்டை ஹாலில் போட்டான், தாண்டினான்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஒன் மோர் போகலாம்."

திரும்பி வந்து குனிந்து எடுத்தான். எடுத்த பிறகுதான் யோசித்தான்: இந்த வீட்டில் துண்டை எங்கே காயப்போடுவார்கள்?