மிச்சமிருந்த சுவர்

தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஹஃப்சாவுக்கு டிஸ்டெம்பர் வாசம் அடித்தது. விடிந்ததிலிருந்து பண்பொழி மலையடிவாரத்தில் வெயிலுக்கும் சாரலுக்கும் நடுவே படப்பிடிப்பில் நின்று கிளாப் கட்டையைத் தட்டித் தட்டி மணிக்கட்டு வலித்தது. யார் வீட்டிலோ விசேஷம் போல என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். வாசம் விடாமல் கூடவே வந்தது. தன் வீட்டு வாசலில் கவிழ்த்திருந்த வாளியின் விளிம்பில் ரோஸ் நிறம் வழிந்து காய்ந்திருப்பதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.

உள்ளே அவளுடைய உம்மா ஜாஹிரா பீவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டூலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். கூடத்தின் மூன்று சுவர்களும் ஸ்வீட் பெட்டி மாதிரி ரோஸாக மின்னின. ஜன்னல் இருக்கிற நாலாவது சுவர் மட்டும் உப்புப் பூத்து, காரை உதிர்ந்து, பச்சை ஈரம் படர்ந்து பழையபடியே நின்றது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கிய பெயிண்டில் மிச்சம் கிடந்ததாம், இந்தச் சுவருக்குத்தான் பத்தவில்லையாம். உம்மா சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"யாருகிட்ட கேட்டு அடிச்ச?"

"என் வீட்டுச் செவருக்கு நான் யாருகிட்டட்டி கேக்கணும்?"

இந்தச் சுவர்களை வைத்துத்தான் ஹஃப்சா சினிமாவுக்குள் நுழைந்திருந்தாள். சென்னையிலிருந்து வந்த ராகவேந்திரன் குற்றாலத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கிக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு பேரை வைத்துச் சொந்தமாக ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். பழைய வீடு தேடித் தெருத்தெருவாக வந்தவர் இவர்கள் கூடத்தைப் பார்த்ததும் இதேதான் வேண்டும் என்றார். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கி, ஃபீஸ் சலுகையில் பி.ஏ. முடித்து, ஜவுளிக்கடையில் பில் போடப் போகமாட்டேன் என்று வீட்டோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த ஹஃப்சா அந்த இடத்திலேயே பேரம் பேசினாள். வீடு வேண்டுமென்றால் நானும் டைரக்ஷன் டீமில் இருப்பேன், டீ வாங்கிக் கொடுக்க வேறு ஆளைப் பாருங்கள் என்றாள். ராகவேந்திரன் சிரித்துவிட்டுச் சரி என்றார். கிளாப் அடிப்பது, ஃபிரேமுக்குள் யாரும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது, ஒரு ஷாட்டில் இருந்த பொருள் அடுத்த ஷாட்டிலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று போட்டோ எடுத்து வைப்பது எல்லாம் அவள் வேலையாயிற்று. நேற்று இந்தக் கூடத்தில் ஒரு காட்சியைப் பாதி எடுத்திருந்தார்கள். மீதியை நாளை எடுக்க வேண்டும். ஒன்றையும் தொடாதே என்று உம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியது அவள்தான். அவள் சொல்லவில்லை. ஏன் வீட்டைக் கேட்டார்கள் என்று உம்மா விசாரித்தபோது, அழகாக இருக்கிறதாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தாள். பொய் சொன்னவள் அதற்கு மேல் எந்த வாயால் தொடாதே என்பாள்?

"நீதான சொன்ன, அழகா இருக்குன்னு கேட்டாகன்னு. அதான் இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கட்டுமேன்னு அடிச்சேன்."

"அழகா இருக்குன்னு கேக்கல உம்மா. பாழடைஞ்சு கெடக்குன்னு கேட்டாங்க."

உம்மா பிரஷ்ஷை வாளித் தண்ணீரில் முக்கி, விரலால் கோதிக் கோதி, ரோஸ் போகிறவரை கழுவினாள். உதறிச் சாய்த்து வைத்துவிட்டு, "அப்ப நான் அடிச்சது சரிதான்" என்றாள்.

ஹஃப்சா போனில் சொன்னபோது ராகவேந்திரன் கத்தியிருந்தால் தேவலை. அவர் கத்தவில்லை. சுரண்டினால் பழையது வருமா என்று கேட்டார். வராது என்றாள். நாளைக்கு நீ வர வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்த மரியாதைதான் அவளுக்கு எரிந்தது. ஆனால் படுத்த பிறகு மண்டைக்குள் குடைந்தது அவருடைய பேச்சு அல்ல, அவருடைய கதை. அதில் ஒரு தாயின் மகன் ஆறு வருஷம் கழித்துச் சவுதியிலிருந்து வருகிறான். தாய் உப்புப் பூத்த சுவரில் சாய்ந்தபடி அவனுக்காகக் காத்திருக்கிறாள். நேற்று எடுத்தது அந்தக் காத்திருப்பைத்தான். முதல் தடவை படித்தபோதே இது எந்த ஊர்க் கதை என்று அவளுக்குத் தோன்றியது. முன்பெல்லாம் அவளுடைய வாப்பா யாக்கூப் சவுதியின் தம்மாமிலிருந்து டிக்கெட் போட்டாயிற்று என்று சொன்ன மறுநாளே வீட்டில் சுண்ணாம்பு கரையும், திரைச்சீலை ஊறும், கக்கூஸுக்குக்கூடப் புது பல்பு வரும். கல்லூரியில் மூஞ்சிக்கு நேரே பேசியே பேர் வாங்கியவள், இதை மட்டும் விழுங்கிவிட்டாள். சொன்னால் இந்த வீடு எதற்கு என்று ஆகிவிடும். அப்புறம் இவள் எதற்கு?

காலையில் குற்றாலம் பஸ்ஸில் ஏறினாள். சீசன் கூட்டம். தலையில் எண்ணெய் வழியத் துண்டோடு போகிறவர்களை இடித்துக்கொண்டு லாட்ஜுக்குப் போனாள். வராந்தாவில் ராகவேந்திரனும் கேமராமேன் சண்முகநாதனும் இலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வர வேண்டாம்னு சொன்னேனே ஹஃப்சா."

"சொன்னீங்க. பஸ்ஸு வந்துது, ஏறிட்டேன்."

சண்முகநாதன் குனிந்து சிரிப்பை இட்லியோடு விழுங்கினார். ஹஃப்சா உட்காரவில்லை. உட்கார்ந்தால் குரல் தணிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"சார், உங்க கதை தப்பு. மகன் வருதான்னா எங்க ஊர்ல எந்தத் தாயும் செவருக்கு வெள்ளையடிக்காம உக்காந்திருக்க மாட்டா. படிச்ச அன்னைக்கே தெரியும். சொன்னா என்னைய சேக்க மாட்டீங்கன்னு வாய மூடிக்கிட்டேன். அது என் தப்பு. எங்க உம்மா செஞ்சது தப்பே இல்ல."

ராகவேந்திரன் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அவருக்குக் கோபமில்லை, நிஜமான வருத்தம்தான் இருந்தது. அந்தத் தாயின் ஆறு வருஷமும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது, அது எவ்வளவு அழகு என்று உனக்குப் புரியவில்லை என்றார். அவருடைய தாத்தா தென்காசிக் கோயில் பக்கம் இருந்த வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனவர். அந்த வீட்டுச் சுவரும் இப்படித்தான் இருக்கும் என்று ராகவேந்திரன் எல்லோரிடமும் சொல்லுவார்.

"உங்களுக்கு அழகு. நீங்க அதுல குடியிருக்கல."

 பக்கத்துச் சுரண்டை ஊர்க்காரரான சண்முகநாதன்தான் இலையை மடித்தபடி, யாரிடமும் சொல்லாத மாதிரி, "எங்க அண்ணன் மிலிட்டரியிலேர்ந்து லீவுல வந்தாலும் அடிப்பாங்க சார். போன மாசம் அடிச்சிருந்தாலும் திரும்ப அடிப்பாங்க" என்றார்.

ராகவேந்திரன் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழை மூடிய மலையைப் பார்த்தார். பிறகு திரும்பி, "மூணு சுவர்தானே அடிச்சிருக்காங்க?" என்றார்.

"மூணுதான். பெயிண்ட் பத்தல."

"எடுத்ததைத் தூக்கிப் போட்டுடறேன். நாலாவது சுவரை வச்சு நீ எழுது. சாயந்தரத்துக்குள்ள வேணும். நல்லா இல்லேன்னா அந்த சீனே கிடையாது."

அன்றைக்குப் பகல் முழுக்க லாட்ஜ் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதி எழுதிக் கிழித்தாள். தாய் சுவருக்கு அடிக்கிறாள், சரி. அப்புறம்? அப்புறம் கொரோனா வருஷம் ஞாபகம் வந்தது. வாப்பா வருகிறார் என்று உம்மா பாதி வீட்டுக்கு அடித்திருந்தபோது, விமானம் இல்லை, வர முடியாது என்று போன் வந்தது. உம்மா போனை வைத்துவிட்டு, கரைத்த சுண்ணாம்பை அப்படியே கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினாள். அதற்குப் பிறகு வாப்பா வந்தார், போனார். உம்மா பிரஷ்ஷைத் தொடவில்லை. சுவர் இப்படி ஆனதே அதனால்தான். இத்தனை வருஷம் கழித்து மகளின் படத்துக்கென்று மறுபடி பிரஷ்ஷை எடுத்திருக்கிறாள். ஹஃப்சாவுக்குப் படித்துறையில் வழுக்கின மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அரைப் பக்கம் எழுதினாள். தாய் கடைசிச் சுவருக்கு அடிக்கிறாள். மகன் வரவில்லை என்று போன் வருகிறது. கேட்டுவிட்டு, மீதிச் சுவரையும் அடித்து முடிக்கிறாள். ராகவேந்திரன் இரண்டு தடவை படித்தார். தாளைச் சண்முகநாதனிடம் நீட்டினார்.

மறுநாள் அதே ரோஸில் புது டப்பா வந்தது. கூடத்தில் லைட், கேமரா, மைக். தாயாக நடிக்கிற நிவேதா மதுரையில் நாடகம் போடுகிறவள். பழஞ்சேலையில் ஸ்டூல்மேல் ஏறி நின்றாள். கேமரா முன்னால் வரமாட்டேன், என்னை யாரும் கூப்பிடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்ட உம்மா, தலையில் துணியோடு அடுப்படி நிலையில் நின்று பார்த்தாள். அவளுக்கு முன்னால், யாரும் உள்ளே வந்துவிடாதபடி, ஹஃப்சா கையைக் குறுக்கே நீட்டி நின்றாள்.

நிவேதாவுக்கு அழத் தெரிந்தது, அடிக்கத் தெரியவில்லை. பிரஷ்ஷை நிறைய முக்கித் திட்டுத் திட்டாகப் பூசினாள். உம்மா உச்சுக்கொட்டியதில் ஒரு டேக் வீணாய்ப் போயிற்று. அடுத்த டேக்கில் போன் அடித்தது. நிவேதா கேட்டாள், வைத்தாள், சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். முகத்தில் எல்லாம் வந்துவிட்டது. பிரஷ்ஷிலிருந்து ரோஸ் சொட்டிக்கொண்டே இருந்தது. அடிக்க வேண்டிய கை அடிக்கவில்லை.

"கைய எடுட்டி" என்றாள் உம்மா, மெதுவாக.

ஹஃப்சா எடுக்கவில்லை. உம்மா அதன் அடியில் குனிந்து நுழைந்து கூடத்துக்குள் போனாள். கேமராவுக்கு முதுகைக் காட்டி, ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று, நிவேதாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"காயதுக்குள்ள இழுத்துரணும். பாதியில விட்டா தெரியும்."

ராகவேந்திரன் கட் சொல்ல வாயைத் திறந்தவர், ஹஃப்சாவைத் திரும்பிப் பார்த்தார். அவளுடைய கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. இப்போது அது அவர் பக்கம் திரும்பி, உள்ளங்கை விரிய, பொறுங்கள் என்று நின்றது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்களின் கையும் ஒரே பிரஷ்ஷில் மேலிருந்து கீழே இறங்க, பச்சை ஈரத்தின் மேல் ரோஸ் ஒரு முழம் நீளத்துக்குப் படர்ந்தது. பக்கத்தில் இன்னொரு முழம்.