பச்சைக் கட்டமும் சனிக்கிழமை சவுனாவும்

"மனித குலத்தின் எதிர்காலம் தாயின் மூட்டுகளின் மேல்தான் நிற்கிறது."

பேராசிரியர் ஹோல்கர் வெஸ்டர்லுண்ட், வாதநோய் உள்ளவர்களின் மகப்பேறு பற்றி எழுதிய கையேட்டின் முதல் வரி இது. அப்படிப்பட்ட மூட்டுகள் சில ரீக்காவிடமும் இருந்தன. காபிப் பொட்டலத்தைப் பிரிக்க அவற்றால் ஆகவில்லை. கத்தரிக்கோலையும் பிடிக்க முடியாததால் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. முடக்குவாதம். பிள்ளை வேண்டுமென்றால் கருவுக்கு ஆகாத மருந்தை முன்கூட்டியே நிறுத்த வேண்டும் என்றார்கள், நிறுத்தினாள். மாற்றாகக் கொடுத்தது கருவுக்கு நல்ல மருந்து, கைகளுக்குத்தான் போதவில்லை. பதினான்கு மாதமாக இதே கதை. முதல் பனி விழும்வரை பார்க்கலாம், அதற்குமேல் விரல்கள் கோணிப்போய்விடும், பழைய மருந்துக்கே திரும்ப வேண்டியதுதான் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். பிள்ளையா விரலா என்பது தம்பெரே நகரத்துப் பனியின் கையில் இருந்தது.

அவள் கணவன் வேசா டிராம் ஓட்டுகிறவன். அவனுக்கும் வாதம்தான், முதுகிலும் முழங்காலிலும். வாதநோயாளிகளுக்கான வெந்நீர்க் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டுதான் இருவரும் காதலித்தார்கள். அவன் பல வருடமாக ஒரு மஞ்சள் மாத்திரை விழுங்கிவந்தான். கையேட்டில் மருந்துகளுக்கெல்லாம் வண்ணக் கட்டம் போட்டிருந்தது. ரீக்காவின் பழைய மருந்து சிவப்பு. வேசாவின் மாத்திரை பச்சை, அதுவும் நல்ல பசும்புல் பச்சை. அதைப் பார்த்த நாளில் அவனுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

பேராசிரியர் அதே கட்டடத்தில் மூன்றாவது மாடி. குடியிருப்போர் சங்கத்துக்கும் அவரே தலைவர். ஒருநாள் மாடிப்படியில் வேசாவை மடக்கினார்.

"என்னப்பா, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?"

"இல்லைங்க புரொபசர்."

"சனிக்கிழமை சவுனா போறியா?"

"ஏழு மணி முறை எங்களோடதுதானே. இந்த வீட்டுல எங்க மாமா இருந்த காலத்துலேருந்து வர்றது."

"அங்கதான் தப்பு. சூடு, வேசா, சூடு! ஆம்பளை விஷயத்துல சூடு ஆகவே ஆகாது. விட்டுடு."

அடித்தளத்தில் இருந்த சவுனா என்ற வெப்பக் குளியல் அறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம். சனிக்கிழமை ஏழு மணி யாருக்காவது கிடைக்க வேண்டுமென்றால் வேறு யாராவது செத்தாக வேண்டும். வேசாவின் முதுகு வாரத்தில் ஒருமுறை நிமிர்வதும் அங்கேதான். ஆனாலும் பிள்ளைக்காக அந்த முறையை விட்டுவிடுவதாகச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். காத்திருப்போர் பட்டியலில் ஒன்பது வருடமாக முதல் பெயர் வெஸ்டர்லுண்ட் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"அவரு பிள்ளை பெத்து முடிச்சவரு, சூடு அவரை ஒண்ணும் பண்ணாது," என்றான்.

"உன்னை ஏமாத்தறது சின்னப் பிள்ளைகிட்ட மிட்டாய் பிடுங்கற மாதிரி," என்றாள் ரீக்கா. "பிடுங்கறதுக்கு நம்மகிட்ட சின்னப் பிள்ளையும் இல்ல."

மே மாதம் மருத்துவமனையில் ரௌனி என்ற புதிய நர்ஸ் அவள் கோப்பைப் புரட்டினாள்.

"உன் கையை நாலு தடவை படம் எடுத்திருக்கு. ரத்தம் பதினோரு தடவை. கர்ப்பப்பைக்குள்ள ஒரு சுற்றுலாவே போயிட்டு வந்திருக்காங்க." கண்ணாடிக்கு மேலாக வேசாவைப் பார்த்தாள். "இவரோடது எங்க?"

"என்னோடது என்னது?"

"விந்துப் பரிசோதனை, கண்ணு."

வேசா நிமிர்ந்து உட்கார்ந்தான். "எனக்கெதுக்கு? என் மாத்திரை பச்சைக் கட்டம்."

"பச்சை, வயித்துல பிள்ளையைச் சுமக்கறவங்களுக்கு. நீ சுமக்கறியா?"

ரௌனி கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து, அடியில் எறும்பு ஊர்ந்தது போலிருந்த ஒரு வரியைப் பேனாவால் தட்டினாள். ஆண்களுக்கு இந்த மாத்திரை விந்தணுக்களைக் குறைக்கும். மாற்றினால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும்.

"அப்போ சவுனா?" என்றான் வேசா.

"சூட்டுக்கும் ஒரு பங்கு உண்டுதான். ஆனா வாரத்துல ஒரு மணி நேரத்துக்கா இந்தப் பழி? அப்படின்னா வாராவாரம் சவுனா போற இந்த நாடே பிறந்திருக்காது."

பரிசோதனையில் எண்ணிக்கை மிகவும் குறைவு என்று வந்தது. டாக்டர் அவனுக்கு வேறு மருந்து கொடுத்தார். ரீக்கா பல்லால் மேலும் பதினெட்டுக் காபிப் பொட்டலங்களைப் பிரித்தாள். அக்டோபரில் முதல் பனி விழுந்தபோது அவளுக்கு ஆறு வாரம்.

அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. பல பெண்களுக்கு நடப்பதுபோல, கர்ப்பத்தில் அவள் மூட்டுகள் அடங்கிப்போயின. வீக்கம் வடிந்தது, மோதிரம் ஏறியது. பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வரும், தயாராக இரு என்று ரௌனி எச்சரித்திருந்தாள். வரட்டும்.

எட்டாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எட்டு மணி. பேராசிரியர் குளியல் அங்கியில், வேகவைத்த நண்டு போலச் சிவந்து மாடிப்படி ஏறி வந்தார்.

"பாத்தியா ரீக்கா! சூட்டை நிறுத்தினதோட பலன். உங்களைப் பத்தி ஹெல்சின்கியில ஒரு சொற்பொழிவே ஆத்திட்டு வந்தேன்."

ரீக்கா கையேட்டைத் தன் விரல்களாலேயே பிரித்து நீட்டினாள். "நாப்பத்தி ஒண்ணாம் பக்கம், புரொபசர். அடியில."

அவர் புத்தகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். எட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"கண்ணாடியைக் கீழ சவுனாலயே வச்சிட்டேன் போலிருக்கு."

"நாங்க வேணா போய் எடுத்துட்டு வரோம்," என்றான் வேசா. "வழி தெரியும்."

அடுத்த சங்கக் கூட்டத்தில் வேசா தன் முறையைத் திருப்பிக் கேட்டான். விட்டுக்கொடுத்த முறை திரும்பாது என்று விதிப்புத்தகத்தில் பெரிய எழுத்திலேயே இருந்தது. அதைக் கண்ணாடி இல்லாமலே தலைவர் வாசித்தார். அனுதாபத்தோடு புதன் மதியம் இரண்டு மணியை ஒதுக்கினார்கள்.

புதன்கிழமைகளில் சவுனா அடுப்பைப் போடுவதில்லை.