எதிர்வீட்டு வாசலில் நின்ற லாரி

ஜெயத்துக்குக் கோபம் வந்தால் எதிரில் மனிதர்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கதவு, குடம், அடுப்பு, எது அகப்பட்டாலும் நின்று திட்டுவாள். அன்றைக்கு அகப்பட்டது ஒரு லாரி.

"நாத்தம் கொடலைப் புடுங்குது. இந்த சனியன்லயா எம்பொண்ணு கல்யாணத்துக்குப் போவணும்?"

செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த கோவிந்தராஜின் மனைவி அவள். மகள் வள்ளியம்மைக்கு மறுநாள் திங்கட்கிழமை காலையில் பனமலைக் கோயிலில் கல்யாணம். சொந்தக்காரர்கள், சீர்ப் பாத்திரம், அரிசி மூட்டை, வாழைத்தார் எல்லாம் ஒரே வண்டியில் போய்ச் சேரட்டும் என்று கோவிந்தராஜ் தாவூதின் லாரியைப் பேசியிருந்தார். சுற்றிலும் தகரம் அடித்து, மேலே கூரையும் பின்னால் இரட்டைக் கதவும் வைத்த வண்டி. ஊரில் அதற்குப் பெட்டி லாரி என்று பேர். வெயிலோ மழையோ சீருக்கு ஒன்றும் ஆகாது என்று யோசித்த மனுஷர், முந்தின நாள் அது மரக்காணத்திலிருந்து கருவாடு ஏற்றி வந்ததை மட்டும் விசாரிக்காமல் விட்டுவிட்டார். அதற்கான மண்டகப்படி அவருக்குக் காலையிலேயே நடந்து முடிந்திருந்தது.

அடுத்த முறை தாவூதுக்கு. "கழுவு. உள்ளாற, வெளிய, மேல, கீழ, ஒரு எடம் வுடாத" என்றாள். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து, சீயக்காயும் மஞ்சள் தூளும் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். முகூர்த்தக்காலுக்குக் கூட அந்த வீட்டில் அத்தனை மஞ்சள் செலவாகவில்லை. கடைசியில் சாம்பிராணி வேறு போட்டாள். கருவாடும் சாம்பிராணியும் கலந்து புதுசாக ஒரு வாசனை வந்தது. அதற்கு மேல் அவளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதிலேயே பொழுது பதினொன்றரையைத் தொட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு அடித்தால் எமகண்டம். அதற்கு முன்னால் கிளம்பியாக வேண்டும் என்று ஜெயம் பறந்துகொண்டிருந்தபோது, தாவூத் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்ற ஆரம்பித்தான்.

பாரம் ஏற்றுவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி வருவது அவன் வழக்கம். யார் தலைபோகிற அவசரத்தில் நின்றாலும் அவனுக்குக் கவலையில்லை. ஒவ்வொரு டயராகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். சக்கரத்து நட்டுகளைத் திருகிப் பார்த்தான். பின்கதவின் கீலை ஆட்டினான், தாழ்ப்பாளைப் போட்டு இழுத்தான், உள்ளே ஏறிப் பலகைமேல் குதித்தான். ஆயில், தண்ணீர், ஆரன், விளக்கு எல்லாம் பார்த்தான். பிரேக்கை ஒருதரம் மிதித்து, சரி என்று தலையாட்டினான். ஜெயம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் அவன் வண்டிக்கு அடியில் போனான். போன வேகத்தில் முகமெல்லாம் தண்ணீராக வெளியே வந்தான்.

"அடியில ஒன்னும் தெரியலக்கா. எங்க பாத்தாலும் தண்ணி சொட்டுது. எது தண்ணி, எது ஆயிலுன்னு கண்டுபிடிக்க முடியல. காயட்டும், பாத்துட்டு ஏத்தலாம்."

"காயறதா? இன்னாய்யா வெளயாடறியா? எமகண்டத்துல எம்பொண்ண ஏத்தி அனுப்புவனா நானு?"

"ஏரிக்கரை வழியாப் போவணும்க்கா. பாக்காம எடுக்க மாட்டேன்."

பனமலைக்குப் போகிற வழியை ஜெயம் அறியாதவள் இல்லை. ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஏரிக்கரை மேலேயே பாதை போய்ச் சட்டென்று திரும்பும். ஓரத்தில் ஒரு கல் கூடக் கிடையாது. அந்த வருஷம் கார்த்திகை மழையில் ஏரி தளும்பி நின்றது. அதெல்லாம் தெரியும். ஆனால் மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி இருந்தாள். பெண் அழைப்புக்குக் கொஞ்சம் தாமதமானால் போதும், ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவாள். ஜெயத்துக்கு அந்த நேரத்தில் ஏரியைவிட அத்தைதான் பெரிதாகத் தெரிந்தாள்.

கோவிந்தராஜ் மெதுவாக, "பரஸ்தானம் வெச்சிடலாமே" என்றார்.

நல்ல நேரத்தில் ஊருக்குப் போக முடியாவிட்டால், அந்த நேரத்தில் மூட்டை முடிச்சைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவது வழக்கம். அதோடு கிளம்பியாயிற்று என்று கணக்கு. அதன்பிறகு எந்த நேரத்தில் போனாலும் தோஷமில்லை. ஜெயத்துக்கு இந்த யோசனை பிடித்திருந்தது, அவர் சொன்னார் என்பதைத் தவிர.

"மூட்டைய வெக்கறது இன்னாத்துக்கு? லாரியையே நவுத்து" என்றாள்.

நகர்த்த இடம் வேண்டுமே. அந்தத் தெருவில் லாரி நிற்கிற அகலத்துக்கு வாசல் இருந்தது எதிர்வீட்டுச் சாமுண்டீஸ்வரிக்கு மட்டும்தான். சாமுண்டிக்கும் ஜெயத்துக்கும் ஆடி மாதத்திலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. கடையில் வாங்கிய பித்தளை அண்டா ஒழுகுகிறது என்று சாமுண்டி கொண்டுவந்து வைத்தாள். "எங்க கடை அண்டா ஒழுகாது. நீ தேய்க்கற தேய்ப்புக்கு இரும்பே ஓட்டையாவும்" என்று ஜெயம் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினாள். அன்றோடு சரி.

"எங்க வாசல் ஒன்னும் தேஞ்சி பூடாது. நிறுத்திக்கச் சொல்லு" என்று சாமுண்டி வாசலில் நின்று ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னாள். ஜெயமும் ஆகாயத்தைப் பார்த்தே தலையாட்டினாள்.

சாமுண்டி வாசலில் அன்றைக்குப் பெரிய கோலம். காவி கட்டி, நடுவில் தாமரை வைத்துப் போட்டிருந்தாள். தன் வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லாதபோது யாருக்காகப் போட்டாள் என்பதை ஜெயம் யோசிக்க விரும்பவில்லை. முதல் சாமானாக ஒரு குடத்தை ஏற்றிக் கற்பூரம் காட்டியதும், தாவூத் முன்னும் பின்னுமாக நாலைந்து தரம் ஸ்டீரிங்கை ஒடித்து ஒடித்து, பிரேக்கை மிதித்து மிதித்து லாரியை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்தான். அப்போது பன்னிரண்டு அடிக்கச் சில நிமிஷங்கள் இருந்தன.

"ஆச்சு, கெளம்பியாச்சு. ஏத்துங்க!" என்றாள் ஜெயம்.

"யக்கா, காயட்டும்னு சொன்னேன்."

"நீ காய வெச்சிக்கினே இரு. அவங்க ஏத்தட்டும்."

ஏற்றினார்கள். அண்டா, தவலை, குத்துவிளக்கு, மூட்டைகள், தார்கள் எல்லாம் ஏறிச் சாப்பாடும் முடிந்தது. நல்ல வெயில். வள்ளியம்மையைப் பின்னால் ஏற்றிப் பாயில் உட்கார வைத்தாயிற்று. தாவூத் மட்டும் ஒரு ஓரமாகப் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜெயத்துக்கு உள்ளுக்குள் கொதித்தது. அவனைக் கிளப்ப ஏதாவது ஒரு குற்றம் கிடைக்காதா என்று லாரியைச் சுற்றி வந்தாள். கிடைத்தது.

பின்சக்கரத்துக்கு உள்பக்கமாக, கோலத்தின் தாமரை மேல், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஈரம்.

"அட பாவி! பூசினாப்புல இருந்த வாசலு. அவ வாய்க்கு அவலு போட்டுட்டியேடா! எங்கோலத்த நாசம் பண்ணிட்டாங்கன்னு நாளைக்கி ஊரெல்லாம் சொல்லி நாறடிக்கப்போறா. வந்து பாரு, உன் வண்டியோட லட்சணத்த!"

"கழுவின தண்ணிதானேக்கா" என்றான் தாவூத், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"தண்ணியாம் தண்ணி! எனக்குத் தண்ணி தெரியாதா? அதெல்லாம் எப்பவோ காஞ்சி பூட்டுது. இது காயவே இல்ல. கோலமாவு சேறாக் கெடக்குது பாரு."

தாவூத் பீடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். குனிந்து ஈரத்தைத் தொட்டு, விரலோடு விரல் தேய்த்து, முகர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"யக்கா, புள்ளய எறக்கு. எல்லாரையும் எறக்கு."

"இன்னாடா?"

"பிரேக் ஆயிலு."

ஜெயத்துக்கு அந்த வார்த்தை முழுசாகப் புரியவில்லை. அவன் முகம் புரிந்தது. வள்ளியம்மை கையைப் பிடித்துத் தானே இறக்கினாள். "இன்னாம்மா?" என்று கேட்ட பெண்ணிடம், "ஒன்னுமில்ல, வா" என்றாள். அவளுக்கே கேட்காத அளவுக்குச் சன்னமாக வந்தது குரல்.

தாவூத் அடியில் படுத்துக்கொண்டு, "யாராவது மேல ஏறி பிரேக்கை அமுக்குங்க, எங்க ஊத்துதுன்னு பாக்கணும்" என்றான். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜெயம் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். இந்த மாதிரி நேரத்தில் அவள் யாரையும் நம்ப மாட்டாள்.

"எதுடா பிரேக்கு?"

"நடுவுல இருக்கறது. நல்லா அமுக்கு."

அமுக்கினாள். முதலில் கெட்டியாகத்தான் நின்றது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்து இன்னும் அழுத்தினாள். கால் மெள்ள உள்ளே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் தட்டையான இரும்பில் போய் முட்டியது. அவள் காலடியில் பிடிப்பு என்று எதுவும் இல்லை.

"எடுத்துடு, எடுத்துடு! பீச்சுது!" என்று கீழேயிருந்து கத்தினான் தாவூத்.

ஜெயம் காலை எடுக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே தெரு தெரிந்தது. அவளுக்குத் தெரிந்ததோ ஏரிக்கரைத் திருப்பமும், தளும்புகிற தண்ணீரும், பின்னால் தகரப் பெட்டிக்குள் பாயில் உட்கார்ந்திருக்கிற மகளும்தான். அத்தையாம் அத்தை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவள் தன்னைத் திட்டிக்கொள்வது அதிசயம்.

பின்சக்கரத்துக்குள் பிரேக் ஆயிலை ஒழுகவிடாமல் அடைத்து நிற்கிற ரப்பர் பழசாகி விரிசல் விட்டிருந்தது. கோவிந்தராஜ் அடுத்த பஸ்ஸில் பனமலைக்குச் சொல்லிவிட ஓடினார். ஏற்றியதையெல்லாம் இறக்கினார்கள். தாவூத் சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்திலிருந்த மெக்கானிக்கை எழுப்பிப் புது ரப்பரும் ஆயிலும் வாங்கி வந்தான். சாமுண்டி கேட்காமலே ஒரு குடம் நீர்மோர் கரைத்துக் கொண்டுவந்து வைத்தாள். ஆகாயத்தைப் பார்க்கவில்லை.

"கோலம் போனா போவுதுடி, கொழந்த இருக்கறா" என்றாள்.

ஜெயம் மோரை வாங்கிக் குடித்தாள்.

ரப்பர் மாற்றியதும் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும் என்றான் தாவூத். மறுபடி ஜெயம்தான் ஏறினாள். "அமுக்குக்கா... புடி... வுடு. அமுக்கு... புடி... வுடு." தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. பட்டுப்புடவையும் காசுமாலையுமாகச் சம்பந்தியம்மாள் லாரி ஓட்டுகிறாள் என்று யாரோ கேலி பண்ணினார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கால் மட்டும் கவனித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தரமும் உள்ளே போகிற தூரம் குறைந்தது. கடைசியில் எவ்வளவு அழுத்தினாலும் அம்மிக்கல் மாதிரி அசையாமல் நின்றது.

"நின்னுக்கிச்சுடா!" என்று கத்தினாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஸ்டீரிங்கிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுபடி ஏற்றுவதற்கு முன்னால் தாவூத் கம்பியை எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சுற்றினான். இந்தத் தடவை ஜெயமும் பின்னாலேயே போனாள். "இந்த நட்டப் பாத்தியா? நல்லாப் பாத்தியா? அடியில ஒருதரம் போய்ட்டு வந்துடேன்" என்று பிடுங்கி எடுத்தாள். "முன்னாடியே தேவலாம் போல இருக்குதுக்கா" என்று முனகிக்கொண்டே அவன் அடியில் போனான். எல்லாம் உலர்ந்திருந்தது.

அந்தச் சூட்டோடு ஜெயம் சாமுண்டி பக்கம் திரும்பினாள்.

"அந்த அண்டாவ எடுத்துக்கினு வா."

"இப்ப இன்னாத்துக்குடி?"

"எடுத்தாடின்னா."

லாரி பக்கத்திலேயே அண்டாவை வைத்துத் தண்ணீர் நிரப்பினார்கள். இரண்டு பேருமாகத் தூக்கிப் பிடித்து அடியில் பார்த்தார்கள். ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு நின்று விழுந்தது. "ஒழுகுது" என்றாள் ஜெயம். "அதத்தானே ஆடியிலேர்ந்து சொல்றேன்" என்றாள் சாமுண்டி. "பாக்காம பேசிட்டேன்டி. கல்யாணம் முடிஞ்சி வந்ததும் கடைக்கு வா, உனக்குப் புடிச்சத எடுத்துக்க. இப்ப புடவ மாத்திக்கினு வா, ஏறு" என்றாள் ஜெயம்.

கிளம்பும்போது ராகு காலம். யாரோ அதை ஞாபகப்படுத்தினார்கள். "நாங்கதான் பன்னண்டுக்கு முன்னாடியே கெளம்பிட்டமே" என்று சொல்லிவிட்டு ஜெயம் ஏறி உட்கார்ந்தாள்.

பனமலை ஏரிக்கரைக்கு வரும்போது வெளிச்சம் இன்னும் பாக்கி இருந்தது. பின்கதவைத் திறந்து கட்டியிருந்ததால் ஏரி முழுக்கத் தெரிந்தது. ஜெயம் ஒரு கையால் வள்ளியம்மையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி திரும்பியது. எதிரே மாடுகள் வந்திருக்க வேண்டும், தாவூத் ஆரனை அடித்தான். ஜெயத்தின் வலது கால் தன்னால் தரையை ஓங்கி அமுக்கியது.

லாரி குலுங்கி அப்படியே நின்றது.

"ஐயோ, எங்காலு!" என்று அலறினாள் பக்கத்திலிருந்த சாமுண்டி. ஜெயத்தின் பாதம் அவள் விரல்கள் மேல் இருந்தது.

"கத்தாதடி" என்றாள் ஜெயம், காலை எடுக்காமலே. "நின்னுதா இல்லியா, அதச் சொல்லு."