கோரைக்குத் தண்ணீர்

அம்மாவைக் கீழ்பென்னாத்தூரில் எங்கள் நிலத்தின் மூலையிலேயே புதைத்தோம். மூன்றாம் நாள் பால் தெளித்து, மேட்டின் மேல் நவதானியம் தூவினார் நைனா. பத்து நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை.

"உங்கம்மா கோவமா கீறா," என்றார். வயிறு வலிக்கிறது என்று அம்மா சொன்னபோது, வேர்க்கடலை பிடுங்கி முடித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றவர் அவர்தான். தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை.

நான் தாவரவியல் படித்தவள். பொட்டலத்தில் மிச்சமிருந்ததை ஈரத்துணியில் முடிந்து நான்கு நாள் வைத்தேன். ஒன்றும் முளைவிடவில்லை. எல்லாம் வண்டு துளைத்த பழைய தானியம்.

"கடைக்காரன் பழச குடுத்துட்டான் நைனா."

"ஊருக்கே அவன்தான் குடுக்கிறான். எல்லாருக்கும் மொளைக்குதே."



அருள்ராஜ் அண்ணன் போன் செய்தார். ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு காபிக் கடை மாடியில் மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கவிதை வாசிப்போம். அவர்தான் நடத்துகிறார்.

"ஞாயித்துக்கெழம தலைப்பு மறுபிறப்பு. உன் விதைக் கவிதைய அனுப்பும்மா. அத்த அடிச்சிக்க ஆளே இல்ல."

'மண்ணுக்குள் போன எதுவும் திரும்பாமல் இருந்ததில்லை' என்று முடியும் கவிதை. அம்மா உயிரோடு இருந்தபோது எழுதியது. படித்துப் பார்த்தேன். களைப்பாக இருந்தது.

பாசிப்பயறு ஊறவைத்து முளைகட்டினேன். விடிந்ததும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனேன். எனக்கு முன்பே நைனா அங்கே உட்கார்ந்திருந்தார்.

"கையில இன்னா?"

விரித்தேன். வெள்ளை வால் விட்ட பயறு.

"உங்கம்மாவையே ஏமாத்தப் பாத்தியா? நடக்காதும்மா." சிரித்த மாதிரி இருந்தது. மேட்டைக் காட்டினார். மூன்று இடத்தில் ஊசி ஊசியாகப் பச்சை. கோரை. யாரும் விதைத்ததில்லை, அடியில் கிழங்கு இருந்திருக்கும்.

என் கை தானாகப் பிடுங்கப் போனது.

"வுடு. முப்பது வருசமா நானும் அவளும் புடுங்கினோம். போச்சா? அவ கோவமும் இப்டித்தான்." குடத்தைச் சாய்த்து அதற்கே ஊற்றினார். "கோச்சிக்கினே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து பயறைத் தாளித்துவிட்டு, பழைய கவிதையை அழித்தேன். 'கோரைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார் நைனா' என்று ஒரு வரி மட்டும் அனுப்பினேன்.

"மீதி எங்க? இதுல மறுபிறப்பு எங்கம்மா?" என்று பதில் வந்தது.

நைனா தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் பயறு போடு," என்றார் நைனா.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன்.